மேட்டூர் மூடிய பிறகு பூச்சு வேலை

வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. தாத்தா கட்டிய ஓட்டு வீடு. நாட்டுச் செங்கல், மண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. 1990களில் அப்பா, உதிர்ந்துகொண்டிருந்த பழைய பூச்சை இடுப்பளவுக்குக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினார். அன்றிலிருந்து சில வருடங்களுக்கு ஒருமுறை அதே இடத்தைக் கொத்துவதும், சிமெண்ட் பூசுவதும், பட்டி (சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு) பார்த்து பெயிண்ட் அடிப்பதுமாக ஓடியது. இந்த முறை கூடத்துச் சுவரையும் தாழ்வாரத்துச் சுவரையும் வேறு விதமாகச் செய்தோம். டெல்டாவில் பழைய வீட்டை வைத்துக்கொண்டு கொத்தனார் தேடுகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடு ஒழுகினால் கறை மேலிருந்து கீழே இறங்கும். குழாய் கசிந்தால் ஒரே இடத்தில் திட்டாக, சித்திரை வெயிலிலும் காயாமல் நிற்கும். தரையிலிருந்து ஏறும் ஓதம் அப்படியில்லை. சுவர் நெடுக, தரைக்கு மேல் இரண்டடி மூன்றடியில், ஒரே மட்டமாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை ஒட்டித்தான் உப்பு பூக்கும். இன்னும் சந்தேகம் இருந்தால், கையகலப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவரின் ஈரம். எங்கள் வீட்டில் சுவர்ப்பக்கம்தான் நனைந்தது.

காரணம் புதிதல்ல. அந்தக் காலத்து வீடுகளில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரத்தைத் தடுக்க எதுவும் வைப்பதில்லை. ஆற்று வண்டல் களிமண் தண்ணீரை லேசில் விடாது. செங்கலும் மண் சாந்தும் அதை உறிஞ்சி மேலே ஏற்றும். ஏறும் தண்ணீரோடு மண்ணிலும் செங்கல்லிலும் கரைந்திருக்கும் உப்பும் ஏறும். தண்ணீர் எங்கே ஆவியாகிறதோ அங்கே உப்பு படிகமாகத் தங்கும். சுண்ணாம்புப் பூச்சில் அது மேற்பரப்பில் பூக்கும், துடைத்தால் தூளாக உதிரும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை அவ்வளவு சுலபமாக வெளியே விடாது. அதனால் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைச் செங்கல்லிலிருந்து தள்ளிவிடும். தட்டினால் பொக்கென்று கேட்பது அதனால்தான். வெளியேற வழியில்லாத மிச்ச ஈரம் இன்னும் மேலே ஏறும். தாத்தா காலத்தில் முழங்காலளவில் நின்ற கோடு இப்போது இடுப்புக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றொரு காரணம் தெரு. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின்மேலேயே புது ரோடு ஏறி, வாசல்படி இரண்டு மண்ணுக்குள் போய்விட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத்தளம் போட வேண்டும் என்று 2021இல் அரசு அறிவுறுத்தியது. எங்கள் தெரு அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது.

எப்போது ஆரம்பிப்பது?

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பதில் சொல்வது மேட்டூர் அணை. வழக்கப்படி ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும்வரை கொல்லைக் கிணற்றில் நீர்மட்டம் கையெட்டும் உயரத்தில் இருக்கும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. ஆறு வற்றி, கிணறு இறங்கி, சுவர் மெல்லக் காய்வது மாசிக்கு மேல்தான். ஆக, பூச்சு வேலைக்கு நமக்குக் கிடைப்பது பிப்ரவரி முதல் மே வரை. அதிலும் முன்பாதி உடைக்கவும் காயவிடவும், பின்பாதி பூசவும்.

ஊர் வழக்கமோ நேர்மாறு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று மார்கழியில் ஆள் தேடுவோம். வருடத்திலேயே சுவர் அதிக ஈரமாக இருக்கும் மாதம் அது. வெறும் சுண்ணாம்பு அடித்த காலத்தில் அதனால் கெடுதல் இல்லை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும், அடுத்த வருடம் மறுபடி அடித்தால் ஆயிற்று. மார்கழிச் சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் பங்குனிக்குள் கொப்புளம் கட்டும். பழக்கம் அப்படியே இருக்க, பொருள் மட்டும் மாறிவிட்டது.

ஆள் கிடைப்பதிலும் பருவம் பார்க்க வேண்டும். குறுவை, சம்பா நடவு நேரத்தில் சித்தாள் கிடைப்பது கஷ்டம். நல்ல கை உள்ள கொத்தனார்களில் பலர் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போய்விட்டார்கள். ஊரில் இருப்பவர்களிடம் தை பிறந்ததும் சொல்லிவைத்தால்தான் மாசியில் வருவார்கள்.

கொத்தனார்

வந்து பார்த்தவர்களில் பெரும்பாலோர் டேப்பை எடுத்துச் சுவரை அளந்துவிட்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்றார்கள். ஈரத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால் “வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் கலந்து அடிச்சிடலாம்” என்பது ஒரு பதில். “நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிடுங்க, ஒண்ணும் தெரியாது” என்பது இன்னொன்று. பிந்தைய யோசனை எங்கள் ஊரில் ரொம்பப் பிரபலம். ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான், கொஞ்ச நாளைக்கு. டைல்ஸுக்குப் பின்னால் ஈரம் அடைபட்டு, ஐந்தாவது அடியில் உப்பு பூக்கும்.

கடைசியில் அமர்த்திய பெரியவர் வீட்டுக்குள் வருவதற்கு முன் வெளியே ஒரு சுற்று சுற்றினார். துவைக்கிற கல்லையும் அது சுவரோடு ஒட்டியிருந்ததையும் பார்த்தார். உள்ளே வந்து கரண்டிப் பிடியால் சுவரைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். “மழைல இந்தக் கோடு எம்மாட்டு ஏறும் தம்பி?” என்றார். காட்டினேன். “தண்ணி உள்ள ஏறுறத நம்மால நிறுத்த முடியாது. ஏறுனது வெளில போவ வழி வுடணும். கீழ சுண்ணாம்புதான். ஆனா அவசரப்படுத்துனீங்கன்னா நான் வரல” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரை அமர்த்தினேன்.

அதற்கு முன் அவர் பூசிய ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தோம். பூச்சு வேலையைப் பார்ப்பதென்றால் நேற்று முடித்ததைப் பார்த்துப் பயனில்லை. புதுப் பூச்சு எல்லாமே அழகுதான். ஒரு மழைக்காலம் கடந்த சுவராக இருக்க வேண்டும். இருட்டிய பிறகு போய் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் மேடு பள்ளம் அத்தனையும் நிழலாகத் தெரியும். மூலைகளையும் ஸ்விட்ச் பெட்டியைச் சுற்றிய விளிம்புகளையும் ஜன்னல் பக்கவாட்டையும் பாருங்கள். நடுச்சுவரை யாரும் ஒழுங்காகப் பூசிவிடுவார்கள். கை தெரிவது இந்த இடங்களில்தான். அங்கங்கே விரல் முட்டியால் தட்டியும் பாருங்கள்.

சில கேள்விகளும் கேட்கலாம். பேசுகிற மேஸ்திரியே பூசுவாரா, வேறு ஆளை விடுவாரா? கலந்த சிமெண்ட் கலவையை எவ்வளவு நேரம் வைத்திருப்பார்? அரை மணிக்குள் தீர்கிற அளவு மட்டும் கலப்பேன் என்றால் நல்லது. மதியச் சாப்பாட்டுக்கு முன் கலந்ததில் மறுபடி தண்ணீர் விட்டு இளக்குகிறவர் வேண்டாம். ஈரம் இழுக்கப் பூச்சின் மேல் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பாரா? சீக்கிரம் இறுகும், வழவழப்பாகவும் இருக்கும். ஆனால் மேல்தோலில் சிமெண்ட் மட்டும் அதிகமாகி, மயிர் மயிராக விரிசல் விடும். இதைக் கேட்டதும் பெரியவர் சிரித்துவிட்டு, “நாலு மணிக்கு பஸ்ஸு இருக்கறவன் தூவுவான்” என்றார்.

கூலி பேசிய விதம்

இந்த வேலையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். முழு வேலையையும் சதுர அடிக் கணக்கில் விட்டால், கொத்தனார் நல்லவராகவே இருந்தாலும் பூசி முடிக்கும் வேகம்தான் அவருக்குக் காசு. கொத்துவது, இடுக்குத் தோண்டுவது, உப்பைத் துடைப்பது, காத்திருப்பது எல்லாம் அவருக்கு நஷ்டம். பழைய ஈரச்சுவரின் ஆயுளைத் தீர்மானிப்பதோ அந்த நஷ்டக் கணக்கு வேலைகள்தான். அதனால் இரண்டாகப் பிரித்தோம். உடைத்துச் சுத்தம் செய்து தயார்ப்படுத்தும்வரை நாள் கூலி. பூச்சு மட்டும் சதுர அடிக் கணக்கு. காய விடும் நாட்களில் அவர் வேறு வீட்டுக்குப் போகலாம், திரும்பி வர வேண்டும். ஒரு பகுதிப் பணத்தை, பூச்சு காய்ந்து எல்லா இடத்தையும் தட்டிப் பார்த்த பிறகு தருவதாகப் பேச்சு. முன்பணம் சொற்பம். பொருள் முழுக்க நாங்களே வாங்கினோம்.

ஒரு நோட்டுத் தாளில் எழுதியும் வைத்துக்கொண்டோம். சாரம் யார் கொண்டுவருவது, இடித்த குப்பையை யார் எங்கே கொட்டுவது, தரையை மூடத் தார்ப்பாய் யாருடையது என்று. அளவைப் பற்றியும் முதலிலேயே பேசிவிட வேண்டும். ஜன்னல் துவாரத்தைக் கழிக்காமல் அளப்பதும், அதற்குப் பதிலாகப் பக்கவாட்டுப் பூச்சுக்குத் தனிக் கூலி கேட்காமல் இருப்பதும் எங்கள் பக்கம் பலர் ஒத்துக்கொள்கிற முறை. துவாரத்தையும் கழிக்காமல் பக்கவாட்டுக்கும் தனியாகக் கேட்டால் சண்டைதான்.

சித்தாளாக வந்த அம்மாவைப் பற்றி ஒன்று. மணல் சலிப்பது, அளந்து கலப்பது, சட்டி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். கலவையின் விகிதம் நிஜத்தில் அவர் கையில் இருக்கிறது. கொத்தனாரின் கூலியில் பாதிகூட அவருக்கு இல்லை என்பது எனக்கு ஒப்பவில்லை. மண்வெட்டிக் கணக்கில் கலக்காமல் இருக்க ஓர் அளவுப் பெட்டி செய்து கொடுத்தோம். ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ, அளவில் 1.25 கன அடி. பெட்டியும் அதே கொள்ளளவு. முதல் நாளே அவர், “இது நல்லாருக்கு, எண்ணிக்கை மறக்காது” என்றார்.

உடைப்பும் உலர்த்தலும்

ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடி வரை பழைய சிமெண்ட் பூச்சு முழுவதையும் எடுத்தோம். பல இடங்களில் உளி வைத்ததும் பலகை பலகையாக விழுந்தது. பின்பக்கம் முழுக்க வெள்ளை. செங்கல் இடுக்கில் இருந்த சாந்தை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டினோம். மூலையில் கரையான் புற்று ஒன்று மண் சாந்தைக் குடைந்துகொண்டே நிலைக்கதவு வரை போயிருந்தது. அதற்குத் தனியாக மருந்தடித்து, அரித்துப்போன செங்கற்களை மட்டும் மாற்றிவைத்தோம்.

உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷால் தேய்த்து, முறத்தில் வாரி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். சுவரை வெறும் செங்கல்லாக விட்டால் சில நாளில் மறுபடி பூக்கும், மறுபடி தேய்க்க வேண்டும். பங்குனி வரை இதுதான் வேலை. என் அம்மாவுக்கு இது பிடிக்கவேயில்லை. வருகிறவர்கள் எல்லாம் “ஏன் வீட்டை இடிக்கிறீங்க?” என்று கேட்டார்கள்.

அந்த இடைவெளியில் வெளிவேலை நடந்தது. கொல்லைப்பக்கம் சுவரோடு ஏறியிருந்த மண்ணை வெட்டி, உள்தரையைவிட அரையடிக்கு மேல் தாழ்த்தினோம். சுவரை ஒட்டி ஒரு பள்ளம் எடுத்து ஜல்லி நிரப்பி, தண்ணீர் விலகி ஓடும்படி வாட்டம் கொடுத்தோம். துவைக்கிற கல் கிணற்றடிக்குப் போனது. பூச்சைவிட இந்த வேலைக்குச் செலவு குறைவு, பலன் அதிகம். தெருப்பக்கம் மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை.

கலவை

கீழ்ப்பகுதிக்குச் சுண்ணாம்பு. மூட்டையில் வரும் சுண்ணாம்புப் பவுடரைப் பெரியவர் ஏற்கவில்லை. சுட்ட கல் சுண்ணாம்பு வாங்கி, டிரம்மில் முதலில் தண்ணீர் ஊற்றி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைப் போட்டோம். வரிசையை மாற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடி, கையுறை கட்டாயம். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது பழைய வழக்கம். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஊறவிட்டு, சலித்தபோது கெட்டித் தயிர்ப் பதத்தில் வந்தது. ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் தூள், இரண்டு பங்கு மணல் என்பது அவர் கணக்கு. செங்கல் தூள் வீட்டில் கழித்த நாட்டுச் செங்கல்லை இடித்துச் சலித்ததுதான். அதிகம் வேகாத செங்கல்லின் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து, ஈரத்திலும் இறுக உதவும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் கலவையில் விட்டார். எறும்பு வருமே என்று கேட்டேன். “வந்தா என்ன, சொவுத்த தூக்கிட்டா போயிடும்?” என்றார்.

ஈரக்கோட்டுக்கு மேலே, பொக்கு விட்ட இடங்களுக்கு மட்டும் சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6. அரை அங்குலக் கனத்தில் நூறு சதுர அடிக்கு அரை மூட்டைக்குச் சற்று மேல் சிமெண்டும் ஐந்து கன அடி மணலும் கணக்கு. பழைய சுவர் மட்டமாக இருக்காது, பாதிக்குப் பாதி கூடுதலாகவே பிடிக்கும்.

ஆற்று மணல் கிடைப்பது அரிது. பாறையை உடைத்துச் செய்யும் மணல்தான் வழி. அதில் பூச்சுக்கு பி-சாண்ட் வாங்க வேண்டும், எம்-சாண்ட் கான்கிரீட்டுக்கு. கிரஷர் தூசியையே பி-சாண்ட் என்று கொட்டிவிட்டுப் போகும் லாரிகளும் உண்டு. இறக்குவதற்கு முன் கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் உப்புத்தண்ணீரும் விட்டுக் குலுக்கி, சில மணி நேரம் வையுங்கள். மணலின் மேல் படியும் மெல்லிய தூசி அடுக்கு மணல் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த லோடு வேண்டாம். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கலக்கும் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்புக்கரிக்கும் தண்ணீரில் கலந்தால், துடைத்த உப்பை நாமே திரும்ப வைத்ததாகிவிடும்.

பூச்சு

முதல் நாள் மாலையே சுவரை நனைத்தார்கள், காலையில் லேசாக மறுபடி. சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது, உறிஞ்சவும் கூடாது. தூக்குக்குண்டு விட்டு, அங்கங்கே கலவையில் பொட்டு வைத்து மட்டம் பிடித்தார். சுண்ணாம்பு முதல் கோட்டு (ஒரு அடுக்குப் பூச்சு) அரை அங்குலத்துக்குள். ஆணி வைத்த பலகையால் கீறிவிட்டு ஒரு வாரத்துக்கு மேல் விட்டார். கட்டைவிரல் நகம் லேசாக மட்டும் பதிகிற நிலைக்கு வந்த பிறகு இரண்டாவது கோட்டு, மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் கட்டை) தேய்ப்பு. விரிசல் தெரிந்த இடங்களைக் கட்டையால் தட்டித் தட்டி மூடினார். மட்டக்கோல் வைத்தால் சில இடங்களில் நூலளவு பிசகுகிறது. வளைந்த பழைய சுவரை நேராக்க ஒன்றரை அங்குலம் ஏற்ற வேண்டும், அது வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்ல இறுகுவது. நம் ஊர்க் காற்றின் ஈரம் அதற்குச் சாதகம், வெயிலும் அனல் காற்றும்தான் எதிரி. அதனால் மதியத்தில் ஜன்னலை மூடி, தாழ்வாரத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டோம். மேலே சிமெண்ட் கலந்த பகுதிக்கு பத்து நாள் தண்ணீர் தெளித்தோம், வெயில் நாட்களில் மூன்று வேளை.

பூச்சைத் தரையோடு சேர்க்காமல் அரை அங்குலம் மேலேயே நிறுத்தச் சொன்னது பெரியவர். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் தரையைக் கழுவிவிடுவோம், அந்தத் தண்ணீரைப் பூச்சு உறிஞ்சக் கூடாது. பார்க்க ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கிறது. விருந்தாளிகளில் ஒருவராவது சுட்டிக்காட்டாமல் போவதில்லை.

பட்டி கிடையாது, ப்ரைமர் கிடையாது. வஜ்ஜிரப் பசையும் துளி நீலமும் கலந்த சுண்ணாம்பு, மெல்லிசாக மூன்று கை. சட்டையில் ஒட்டுகிறது என்பது உண்மை. பக்கத்தில் சாய்ந்து உட்காரும் இடத்தில் பாயை மாட்டிவிட்டோம்.

ஒரு மழைக்காலம் போய்விட்டது. ஈரக்கோடு மறையவில்லை, ஆனால் முன்பைவிடக் கீழே நிற்கிறது. கார்த்திகையில் தாழ்வார மூலையில் உப்பு பூத்தது. உலர்ந்த பிரஷால் தேய்த்ததில் தூளாக வந்தது, பூச்சு அப்படியே இருக்கிறது. தெருப்பக்கத்துச் சுவரில் ஓரிடம் மட்டும் லேசாக உதிர்கிறது. அந்த இடத்தைச் சில வருடத்துக்கு ஒருமுறை ஒட்டுப்போட வேண்டியிருக்கும் என்று பெரியவர் முதலிலேயே சொல்லியிருந்தார். பூச்சைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பாக்கிப் பணத்தை வாங்கிப்போனார். என்னைவிட அவர்தான் அதிகம் தட்டினார்.

குளியலறையை ஒட்டிய சுவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதைக் கேட்டபோது, சுவருக்குள் போகும் குழாயை வெளியே எடுத்து மாட்டாமல் கரண்டியைத் தொட மாட்டேன் என்றார். பிளம்பர் வருகிற வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேட்டூர் மூடியதும் உடைக்க ஆரம்பிக்கலாம், அதற்குள் சுண்ணாம்புக் கல் வாங்கி வையுங்கள் என்பது பெரியவர் உத்தரவு.